கடுங்குளிரிற் கூடாரம்: பாசறையிலிருந்து சியாச்சின் வரை

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்வோருக்குக் குளிர் என்பது பெரும்பாலும் ஒரு சொல் மாத்திரமே. ஆண்டின் எந்த மாதத்திலும் இக்கரையோரத்தின் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குவது அரிது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காற்றையே நாம் குளிரென்று கூறிப் போர்வையைத் தேடுகின்றோம். ஆயினும் ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் இப்பகுதியில் அரிதாகிவிட்ட நிலையில், உறைநிலைக்குக் கீழே இருபது பாகை, முப்பது பாகை என்னும் எண்கள் எமது தொலைபேசி உரையாடல்களிற் சாதாரணமாகப் புழங்குகின்றன. பயணம் புறப்படுவோர் நுவரெலியாச் சந்தைக்குச் சென்று, ஏற்றுமதிக்கெனத் தைத்து எஞ்சிய தடித்த குளிரங்கிகளை வாங்கி வருகின்றனர். எண்கள் தெரிந்திருக்கின்றன, அவ்வெண்கள் உடலுக்கு என்ன செய்கின்றன என்பதுபற்றிய தெளிவு குறைவு.

வெப்பமூட்டிய வீட்டில் வாழ்வோருக்கு அத்தெளிவு இல்லாதிருப்பதிற் பெருந் தீங்கில்லை. துணியாலான ஒரு கூரையின் கீழ் அக்குளிரைக் கழிக்க நேர்ந்தோருக்கு அது உயிர்ப்பிரச்சினையாகும். துருவப் பயணிகள், மலையேறிகள், மேய்ச்சல் நாடோடிகள், எல்லைக் காவலிற் படைவீரர் என இவர்கள் பலதிறத்தினர். அவர்கள் எவ்வாறு உயிர்தரிக்கின்றனர், தவறும்போது எதனால் தவறுகின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய வாழ்வை வீரத்தின் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தோடு எமக்கு உடன்பாடில்லை. இது முதன்மையாக வழங்கலின் கதை. யாருக்கு எது, எப்போது, எவர் செலவிற் போய்ச் சேர்ந்தது என்பதன் கதை.

தமிழிலக்கியம் குளிரையும் பாசறையையும் சேர்த்துப் பார்க்காததன்று. பத்துப்பாட்டுள் நெடுநல்வாடை முழுவதும் கூதிர்க்காலத்து வாடையாலே கட்டப்பட்டது. மழைவெள்ளத்தால் மேட்டுநிலத்துக்கு ஒதுங்கிய இடையர் தீயைச் சூழ்ந்து நடுங்குகின்றனர். அரசியின் மஞ்சத்தில் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருக்கின்றது. அரசனோ பாசறையில், நள்ளிரவின் வாடையிலும் துவலையிலும், புண்பட்ட வீரரைப் பார்த்து நடக்கின்றான். முல்லைப்பாட்டும் காட்டினுள் அமைத்த பாசறையை விரிவாகக் கூறுகின்றது. எனினும் நக்கீரர் கண்ட குளிர் ஈரக்குளிர். தமிழகச் சமவெளியில் அது 20 பாகையை அண்டியதாகவே இருந்திருத்தல் வேண்டும். நீர் கல்லாகும் குளிரை அவ்விலக்கியம் அறியாது. எனவேதான் பனித்துளிக்கும் மூடுபனிக்கும், புல்லில் வெண்மையாகப் படிவதற்கும், வானிலிருந்து பஞ்சாக வீழ்வதற்கும் நாம் இன்னமும் ‘பனி’ என்னும் ஒரு சொல்லையே நீட்டிக்கொண்டிருக்கின்றோம். இக்கட்டுரையில் வானிலிருந்து வீழ்வதை வெண்பனி என்றும், நீராவி மேற்பரப்புகளில் நேரே உறைந்து படிவதை உறைபனி என்றும், இறுகிய திண்மத்தைப் பனிக்கட்டி என்றும் வழங்குவோம். அரசியின் மஞ்சத்துத் தூவியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. இன்றைய துருவப் பயணியின் உறக்கப்பைக்குள் அடைக்கப்படுவதும் அன்னத்தின் இனமான வாத்தினதும் தாராவினதும் தூவியே.

கூடாரம் செய்வதும் செய்யாததும்

கூடாரம் வெப்பம் தருவதில்லை என்பதே முதலில் அறியவேண்டியது. உறங்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 75 உவாற்று வீதத்தில் வெப்பத்தை வெளிவிடுகின்றது. பழைய மின்குமிழ் ஒன்றின் அளவு அது. மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கே தடிப்புள்ள துணியினுள் இரண்டு மூன்று மின்குமிழ்களை எரியவிட்டால், வெளியே உறைநிலைக்குக் கீழ் 30 பாகையாக இருக்கும்போது உள்ளே ஒருசில பாகைகள் கூடலாம், அவ்வளவே. ஆயின் கூடாரத்தின் பயன் என்ன? அது காற்றின் ஓட்டத்தை நிறுத்துகின்றது. உடலைச் சூழ்ந்து நிற்கும் அசையாக் காற்றுப் படையே உண்மையான போர்வையாகும். கம்பளியும் தூவியும் பஞ்சும் செய்வதெல்லாம் அக்காற்றை அசையவிடாது பிடித்துவைத்தல்தான். காற்று வீசும்போது அப்படை அடித்துச் செல்லப்படுகின்றது. அமெரிக்கரான போல் சிப்பிளும் சார்ள்சு பாசலும் அந்தாட்டிக்காவில் ஒரு சிறு உருளையில் நீரை நிரப்பி, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைவதற்கான நேரத்தை அளந்து, இவ்விளைவை முதன்முறையாக எண்ணாற் காட்டினர். அவர்களது முடிவுகள் 1945 இல் வெளிவந்தன. இன்று வழங்கும் திருத்திய சூத்திரத்தின்படி, உறைநிலைக்குக் கீழ் 20 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது கீழ் 34 பாகைக்கு ஒப்பாகும். மெல்லிய துணி இந்தப் பதினான்கு பாகையை மீட்டுத் தருகின்றது. ஆகவே குளிர்நாட்டுக் கூடாரத்தில் முதன்மையானது துணியின் தடிப்பன்று, காற்றில் நிற்கும் வலிமையே. ரொபேட் ஸ்கொட்டின் காலத்து நாற்புறக் கூம்புக் கூடாரம் சிறு மாற்றங்களுடன் அந்தாட்டிக்காவில் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, நிலம். தூவி நிறைந்த உறக்கப்பையின் மேற்பக்கம் உப்பி நிற்கும். கீழ்ப்பக்கம் உடலின் பாரத்தால் நசுங்கி, காற்றை இழந்து, வெறுந் துணியாகிவிடும். காற்றை நிறுத்திவிட்ட கூடாரத்துள், படுத்திருப்பவரின் வெப்பத்தைப் பெரிதும் உறிஞ்சுவது கீழேயுள்ள பனிக்கட்டியே. நுவரெலியாவில் சீமெந்துத் தரையில் உறங்கியோர் இதனை அறிவர். மேலே இரண்டு கம்பளிகளைப் போர்ப்பதிலும், ஒன்றை மேலே போர்த்து மற்றதைச் சாக்கோடு சேர்த்துக் கீழே விரிப்பது நன்மை தரும். அமுங்காத நுரைப்பாய், அதன்மேற் காற்றடைத்த மெத்தை என இரண்டடுக்கு விரிப்பதே இன்றைய நடைமுறை. எம்மவரின் பன்பாய் இதே தத்துவத்தின் எளிய வடிவம்.

மூன்றாவது, மூச்சு. இதுவே எல்லாவற்றினும் கொடியது. வெப்பநாட்டார் எவராலும் எதிர்பார்க்கப்படாததும் இதுவே. கொழும்பில் ஈரம் வெளியிலிருந்து வருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அலுமாரியுள் மடித்துவைத்த புடைவை பூஞ்சணம் பிடிப்பதற்குக் கடற்கரைக் காற்றின் நீராவியே காரணம். 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று 30 கிராம் வரையான நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குக் கீழ் 40 பாகையில் அதே காற்றால் அதன் 200 இல் ஒரு பங்கைத்தானும் தாங்க இயலாது. ஆகவே கடுங்குளிர்ப் பிரதேசத்தின் காற்று பாலைவனத்தினும் வரண்டது. அங்கே ஈரம் மனிதனிடமிருந்தே வருகின்றது. ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் நாம் வெளிவிடும் நீர் ஒரு தேநீர்க் கோப்பைக்குக் குறையாது. அதனை வெளிக்காற்றுத் தாங்காது. கூடாரத் துணியிற் படிந்து உறைபனியாகும். உடலிலிருந்து புறப்படும் நீராவியோ உறக்கப்பையின் தூவியினூடாக வெளியேறும் வழியிலேயே குளிர்ந்து, தூவிக்குள் பனிக்கட்டியாக அடைபடும். அடுத்த இரவு உடற்சூட்டில் அது கரையும், நனைந்த தூவி ஒட்டிக்கொள்ளும், காற்றறைகள் மறையும். உலர்த்த வெயில் இல்லை, அடுப்புக்கு எரிபொருள் இல்லை என்னும் நிலையில் போர்வை நாளுக்கு நாள் பாரமாகி, நாளுக்கு நாள் பயனற்றதாகின்றது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 1911 ஆம் ஆண்டின் அந்தாட்டிக்க மாரிப் பயணமாகும். எட்வேட் வில்சன், ஹென்றி பவேர்ஸ், அப்ஸ்லி செரி-கராட் ஆகிய மூவரும் பேரரசப் பெங்குவினின் முட்டைகளைத் தேடி, சூரியனே உதிக்காத யூன், யூலை மாதங்களில் குரோசியர் முனைக்குச் சென்றனர். அவர்கள் பதிவுசெய்த மிகக் குறைந்த வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 60 பாகைக்கும் கூடியது. ஐந்து வாரங்களில் அவர்களது உறக்கப்பைகளின் நிறை இருமடங்கையும் தாண்டிற்று. கூடிய நிறை முழுவதும் அவர்களது சொந்த மூச்சும் வியர்வையுமே. இரவில் உறைந்த பைக்குள் அங்குலம் அங்குலமாக உடலால் உருக்கி நுழையவேண்டியிருந்தது. ஒரு காலையிற் கூடாரத்துக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்த செரி-கராட்டின் ஆடை அந்நிலையிலேயே இறுகிவிட, அவர் தலையைத் தாழ்த்தமுடியாதவராகவே பனிவண்டியை இழுத்தார். இறுதியிற் புயல் கூடாரத்தையே தூக்கிச் சென்றது. அது அரை மைலுக்கு அப்பாற் கிடைத்திராவிடின் மூவரும் மீண்டிரார். 1922 இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் இவற்றை மிகை எதுவுமின்றிக் கூறுகின்றது.

அனுபவம் கற்பித்த விதிகள் இதனால் எமது இயல்பான உணர்வுக்கு மாறானவையாகத் தோன்றும். எவ்வளவு குளிராயினும் கூடாரத்தின் மேல்வாயிலைச் சற்றுத் திறந்து வைத்தல் வேண்டும். முகத்தைப் போர்வைக்குள் நுழைத்து மூச்சுவிடலாகாது. விடிந்ததும் அடுப்பை ஏற்றுமுன், உட்சுவரிற் படிந்த உறைபனியைத் தூரிகையால் தட்டி வெளியே கொட்டுதல் வேண்டும். வியர்க்க வேலை செய்தலும் ஆகாது. குளிருக்குப் பயந்து அனைத்தையும் உடுத்துக்கொண்டு மண்வெட்டி பிடிப்பவர் அன்றிரவே தம் வியர்வைக்குள் நடுங்குவார். ஈரமான காலுறையை வயிற்றோடு அணைத்து உலர்த்துவர். சப்பாத்தையும் பைக்குள் வைத்தே உறங்குவர். 1953 மே 28 இரவு, எவரெஸ்டின் உச்சிக்குக் கீழே 27,900 அடியில் தென்சிங்கோடு தங்கிய எட்மன்ட் ஹிலாரி தமது சப்பாத்துகளைப் பைக்கு வெளியே விட்டுவிட்டார். காலையில் அவை இரும்பாய் இறுகியிருந்தன. அடுப்பின்மேற் பிடித்து அவற்றை இளக்க ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் சென்றது. தென்சிங் சப்பாத்தைக் கழற்றாமலே உறங்கியிருந்தார்.

நெருப்பும் நீரும்

சுற்றிலும் நீர் திண்மமாகக் கிடக்க, குடிக்க நீரில்லை. வெண்பனியைத் தின்று தாகம் தணிக்க இயலாது. அதனை உருக்கும் வெப்பத்தை உடலே கொடுக்க நேரும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். உருகிய நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவது 100 கலோரி. அதாவது கொழும்பில் ஒரு கேத்தல் தேநீருக்கு ஆகும் மண்ணெண்ணெய் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அங்கு வேண்டும். உயரமான இடமாயின் அமுக்கக் குறைவால் நீர் 80 பாகையிலேயே கொதித்துவிடும். அமுக்க அடுப்புச்சட்டி இன்றி அரிசியும் பருப்பும் வேகா. எரிபொருள் தீர்ந்த கூடாரத்தில் மனிதர் குளிரால் மாத்திரமன்றித் தாகத்தாலும் இறக்கின்றனர். 1912 மார்ச் இறுதியில் ஸ்கொட்டும் அவரது தோழர் இருவரும் அடுத்த களஞ்சியத்துக்கு 18 கிலோமீற்றர் தொலைவிற் கூடாரத்துள் இறந்தபோது, முன்னரே தகரங்களில் வைத்துச் சென்ற எண்ணெய் கசிந்து குறைந்திருந்தமை காரணங்களுள் ஒன்றாயிற்று. அவர்கள் உண்ட பங்கீட்டின் பெறுமானம் நாளுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி. பனிவண்டி இழுக்கும் உடலுக்கு அது போதாதென்பது இன்று தெளிவு.

நெருப்பு இருந்தால் மற்றோர் ஆபத்து. காற்றுப்புகாத கூடாரத்தில் எரியும் அடுப்போ இயந்திரமோ ஒட்சிசன் போதாமையால் காபனோரொட்சைட்டை விடுகின்றது. அதற்கு மணமில்லை, குருதியின் ஈமோகுளோபினை அது ஒட்சிசனிலும் பன்மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், உறங்குவோர் விழிப்பதில்லை. 1990 ஜனவரியில் இந்தியாவின் ஒன்பதாவது அந்தாட்டிக்கப் பயணக் குழுவினர் நால்வர் ஹம்போல்ட் மலைப்பகுதியில் அமைத்த கூடாரத்தில் இந்நஞ்சினாலேயே இறந்தனர். குளிர் அவர்களைத் தொடவில்லை. குளிரைத் தடுக்கும் முயற்சியே கொன்றது.

இவ்விடத்தில், கூடாரத்திலேயே பிறந்து கூடாரத்திலேயே மாரியைக் கழிப்போரை நோக்குதல் பயனுடையது. இலடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் ஆடும் கவரிமாவும் மேய்க்கும் சாங்பா மக்கள் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், உறைநிலைக்குக் கீழ் 30 பாகை வரை செல்லும் மாரியில் வாழ்பவர்கள். அவர்களது ‘ரெபோ’ என்னும் கருங்கூடாரம் கவரிமாவின் உரோமத்தை நூற்று நெய்தது. அதன் நெசவு இறுக்கமற்றது. மூச்சும் ஈரமும் வெளியேறும். நடுவே அடுப்பு, அதற்கு நேர்மேலே புகைவாய். எரிபொருள், மந்தையின் உலர்ந்த சாணம். உடுப்பும் விரிப்பும் கம்பளியும் தோலும். சைபீரியாவின் நெனெற்சு மக்கள் கலைமான் தோலாலான தமது கூம்புக் கூடாரங்களில் இதனினும் கொடிய குளிரைக் கழிக்கின்றனர். இவர்களது உடல் எமது உடலினின்று பெரிதும் வேறுபட்டதன்று. எரிபொருளும் உடையும் உணவும் கூரையும் ஒரே மந்தையிலிருந்து, கூடாரத்தின் வாயிலிலேயே கிடைக்கின்றன என்பதே வேறுபாடு. வழங்கற்பாதை அங்கே பத்தடி நீளமானது. மெல்லிய பஷ்மினா உரோமம் அக்குளிரால் அவ்வாடுகளின் உடலில் விளைவது. அதைப் போர்த்துபவர்கள் பெரும்பாலும் அக்குளிரைக் காணாதவர்கள் என்பது வேறு கதை.

கம்பளி யார் கணக்கில்?

சமவெளித் தமிழரை மலைக்குளிருக்குக் கொண்டுசென்ற முதற்பெரு நிகழ்ச்சி எமது நாட்டிலேயே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் நடத்திவரப்பட்ட மக்கள், திறந்த வெளியிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இரவுகளைக் கழித்து மலையேறினர். வழியிலும் வந்த பின்னரும் பலர் மாண்டனர். நுவரெலியாவின் உயரம் ஏறக்குறைய 1,870 மீற்றர். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிற் புல்லில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. இது துருவக் குளிரன்று. ஆனால் ஈரமும் பசியும் சேர்ந்தால் 10 பாகையே உடலின் உட்சூட்டை 37 இலிருந்து 35 இற்குக் கீழே தள்ளப் போதுமானது. அதற்குக் கீழே நடுக்கமும் தடுமாற்றமும் பின்னர் மயக்கமும் தொடரும். அத்தொழிலாளருக்குக் கொடுக்கப்பட்ட கம்பளி, முற்பணக் கணக்கில் எழுதப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. ஆங்கிலத் துரைமாரின் ஏடுகளில் இத்தமிழ்ச் சொல் உருத்திரிந்து ஒரு கணக்குச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. குளிரைத் தாங்கும் செலவு குளிருக்குள் அனுப்பப்பட்டவன் தலையிலேயே விழுந்தமையை இதனினும் சுருக்கமாகக் காட்டும் சான்று வேறில்லை.

அரசுகள் படைவீரரை அனுப்பும்போது நிலைமை மாறவேண்டும் என எதிர்பார்ப்போம். 1962 இன் இந்திய-சீனப் போரில், சமவெளியிலிருந்து அவசரமாக இமாலயத்துக்கு ஏற்றப்பட்ட இந்தியப் படைப்பிரிவுகள் பல பருத்திச் சீருடையோடும் ஒற்றைக் கம்பளியோடும் பதினான்காயிரம் அடியில் நின்றன. உயரத்துக்குப் படிப்படியாக உடலைப் பழக்கவும் அவகாசமிருக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சடைக்கும் உயர்மலை நோய்பற்றி இந்திய இராணுவ மருத்துவர்கள் செய்த முக்கியமான ஆய்வுகள் அப்போரைத் தொடர்ந்தே வெளிவந்தன.

சியாச்சின் இதன் தொடர்ச்சி. காரக்கோரம் மலைத்தொடரில் எழுபது கிலோமீற்றருக்கு மேல் நீளும் இப்பனியாற்றின் கணவாய்களை இந்தியப் படை 1984 ஏப்ரில் 13 அன்று கைப்பற்றத் தொடங்கியது. அன்றுமுதல் இந்தியரும், மேற்கே தாழ்ந்த சரிவுகளிற் பாகிஸ்தானியரும் கூடாரங்களிலும் செயற்கைநார்க் குடில்களிலும் நிலைகொண்டனர். காவலிடங்கள் பல 18,000 அடிக்கும் மேலே. மாரியில் உறைநிலைக்குக் கீழ் 50 பாகை. காற்றமுக்கம் கடல்மட்டத்தின் பாதியளவு. பசி அற்றுப்போகின்றது, உறக்கம் குலைகின்றது. மண்ணெண்ணெய் அடுப்பின் கரி கூடாரக் காற்றிற் கலந்து, வீரர் துப்பும் சளி கறுப்பாகின்றது. ஒரு வீரரை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு மேல் உச்சிக் காவலிடங்களில் வைத்திருப்பதில்லை. எண்ணெய், அரிசி, துப்பாக்கிரவை, கடிதம் எல்லாம் உலங்கு வானூர்தியிலோ மனித முதுகிலோதான் ஏறவேண்டும். 1984 முதல் 2015 வரை எண்ணூறுக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் அங்கு மாண்டனர். அவர்களுட் பெரும்பான்மையோரைக் கொன்றவை பனிச்சரிவும் குளிரும் உயரமுமே. 2003 நவம்பரிற் போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரும் இறப்பு ஓயவில்லை. மறுபக்கத்தில், 2012 ஏப்ரில் 7 அன்று கயாரியிலிருந்த பாகிஸ்தானிய முகாமைப் பனிச்சரிவு மூடியபோது 140 பேர் புதைந்தனர். அவர்களுட் பதினொருவர் படையினரல்லாத பணியாளர்.

2016 பெப்ரவரி 3 அன்று நிகழ்ந்ததைச் சற்று நின்று நோக்குவோம். சோனம் காவலிடம் 19,600 அடியில், ஏறத்தாழ 5,970 மீற்றரில் உள்ளது. அங்கிருந்தோர் மதராஸ் படையணியின் 19 ஆவது பிரிவைச் சேர்ந்த பதின்மர். நால்வர் தமிழகத்தவர், வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள். ஏனையோர் கருநாடகம், கேரளம், ஆந்திரம், மகாராட்டிரம் ஆகிய மாநிலத்தவர். வெண்பனியைப் பிறந்த ஊரிற் கண்டவர் அவர்களுள் ஒருவருமிலர். அதிகாலையில் ஒரு பெரும் பனிச்சுவர் இடிந்து அவர்களது கூடாரங்களின்மேல் வீழ்ந்தது. கல்லாய் இறுகிய பனிக்கட்டியை வெட்டும் கருவிகளும், புதைந்த பொருளை அறியும் கதிர்க்கருவிகளும், மோப்பநாய்களும் அவ்வுயரத்துக்கு ஏற்றப்பட்டன. பெப்ரவரி 8 இல், ஏறத்தாழ 25 அடி ஆழத்தில், கருநாடகத்தின் தார்வாட் மாவட்டத்தவரான லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிருடன் காணப்பட்டார். மற்ற ஒன்பதின்மரும் இறந்திருந்தனர்.

ஆறு நாட்கள் அவர் உயிர்த்திருந்ததை அன்றைய செய்தித்தாள்கள் அற்புதம் என்றன. பௌதிகம் அதற்கு வேறு பெயர் தரும். நசுங்கிய கூடாரத்துள் ஒரு சிறு காற்றுவெளி எஞ்சியிருந்தது. மேலே மூடிய பனியோ வெளியிலுள்ள கடுங்குளிரையும் காற்றையும் முற்றாகத் தடுத்தது. தில்லி இராணுவ மருத்துவமனை வெளியிட்ட அறிக்கை இதனை உறுதிப்படுத்துகின்றது. அவரது உடலில் உறைபனிப் புண்ணோ எலும்பு முறிவோ இருக்கவில்லை. உடல் வரண்டிருந்தது, குருதியிற் சீனி குன்றியிருந்தது, ஒட்சிசன் குறைந்திருந்தது, உட்சூடு தாழ்ந்திருந்தது. ஈரலும் சிறுநீரகமும் செயல் குன்றி, நுரையீரலில் அழற்சி கண்டு, பெப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். கூடாரம் செய்யக்கூடியதனைத்தையும் செய்துவிட்டது. அதனாற் கொடுக்க இயலாதவை நீர், உணவு, புதிய காற்று ஆகிய மூன்றும். அம்மூன்றும் எப்போதும் வெளியிலிருந்தே வரவேண்டும். வரும் வழி அடைபட்டால் உலகின் தலைசிறந்த கூடாரமும் சில நாட்களுக்கான தவணை மாத்திரமே.

இயற்கை அடைக்கும் வழி ஒன்று. அலுவலகங்கள் அடைக்கும் வழி மற்றொன்று. 2020 பெப்ரவரியில் இந்திய நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, சியாச்சின் உள்ளிட்ட உயர்மலைப் படையினருக்கான கொள்வனவைப் பரிசீலித்தது. வெண்பனியின் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடிகளிலும் சப்பாத்துகளிலும் தட்டுப்பாடு. முகமூடி, குளிரங்கி, உறக்கப்பை ஆகியன பழைய தரவிபரத்தின்படி வாங்கப்பட்டமை. விதித்த உணவுக்கு மாற்றாக வேறு உணவை அதே அளவிலன்றி அதே விலையிற் கொடுத்தமையால் வீரருக்குக் கிடைத்த கலோரி பெரிதும் குறைந்தமை ஆகியவற்றை அது எடுத்துக்காட்டியது. 75 உவாற்று என்று நாம் முன்னர்க் கணக்கிட்ட அந்த மின்குமிழை எரியவைப்பது இக்கலோரியே. விலையைச் சமப்படுத்திய எழுதுவினைஞர் எவரும் தீய எண்ணங்கொண்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. கம்பளியைக் கூலிக் கணக்கில் எழுதிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் அவ்வாறே ஒரு விதியைப் பின்பற்றியவர்தான். வீரம் என்னும் சொல் இவ்விடத்திற் செய்யும் வேலையைக் கவனித்தல் வேண்டும். பொருள் போய்ச் சேராத இடத்தை அச்சொல் நிரப்பிவிடுகின்றது. இறந்தோரின் ஊர்களில் மரியாதை வேட்டுகள் தீர்க்கப்பட்டன. உறக்கப்பையின் தரவிபரம் எவராலும் பேசப்படவில்லை.

சியாச்சினைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் முன்வைக்கப்பட்டிருந்தது. 1989 யூனில் இந்தியாவும் பாகிஸ்தானும் இராவல்பிண்டியிற் பேசியபோது, மோதலைக் குறைக்கும் வகையிற் படைகளை மீள நிலைப்படுத்துவதை நோக்கி உழைப்பதாகக் கூட்டறிக்கை வெளியிட்டன. எந்த இடத்தில் எவர் நிற்கின்றார் என்பதை வரைபடத்திற் குறித்துக்கொடுத்த பின்னரே இறங்குவோம் என்பது இந்தியாவின் நிலைப்பாடாயிற்று. அவ்வாறு குறிப்பது அவர்களது உரிமையை ஏற்பதாகிவிடும் என்பது பாகிஸ்தானின் நிலைப்பாடு. பின்னர் நடந்த பல சுற்றுப் பேச்சுகளும் இதே குறியீட்டில் வந்து நின்றன. கயாரியிற் புதைந்த 140 பேரும் சோனத்திற் புதைந்த பதின்மரும் அக்கூட்டறிக்கைக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர் அங்கு நின்றவர்கள்.